ஆறு புள்ளி மூன்று

“கையை ஆட்டாதீங்க டீச்சர், நாடி பிடிபட மாட்டேங்குது” என்றார் அவர். சாக்பீஸ் தூள் அப்பிய கட்டைவிரலை அவள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடினார்.

அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, அவர் டாக்டரும் இல்லை. அது பள்ளிக்கூடத்து ஆய்வகம். அவள் இயற்பியல் டீச்சர், அவர் பக்கத்து வகுப்புக் கணக்கு சார். எதிரே ஸ்டாண்டில் ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“போன்லயே ஸ்டாப்வாட்ச் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?” என்று சார் முதலில் கேட்கத்தான் செய்தார்.

“கடிகாரமே இல்லாம புவியீர்ப்பை அளந்து காட்டினா நாளைக்குப் பசங்க வாயைப் பிளப்பாங்க சார். நாடிதான் நமக்குக் கடிகாரம். காலையில நிதானமா உட்கார்ந்து எண்ணிட்டேன், எனக்கு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. குண்டு ஆடுறதை நான் எண்ணுறேன், நாடியை நீங்க எண்ணுங்க. ரெண்டையும் ஒரே ஆள் எண்ணினா குழம்பிப்போகுது.”

இது பாதி உண்மைதான். மீதி என்னவென்றால், சாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வேறு ஊர். தினமும் பார்த்துப் பேசிச் சிரித்தும் மனுஷன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒரு துளியும் பிடிபடவில்லை. அவராக வாயைத் திறக்காமல் தான் திறப்பதில்லை என்று வேறு வீம்பு. போகிற மனுஷனோடு அரைமணி நேரமாவது இருப்போமே என்றுதான் இந்த ஊசலும் நூலும்.

குண்டை லேசாக இழுத்து விட்டாள். அது பாட்டுக்குப் போய்ப் போய் வந்தது. இருபது முறை ஆடியதும் “போதும்!” என்றாள்.

“அறுபது” என்றார் சார், கண்ணைத் திறந்து.

இருபது ஆட்டத்துக்கு நாற்பது வினாடி, அதற்கு நாடி நாற்பத்தெட்டு வந்திருக்க வேண்டும். கரும்பலகையில் மளமளவென்று கணக்கைப் போட்ட சார், விடையைப் பார்த்து மூக்கைச் சொறிந்தார். ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டிய இடத்தில் ஆறு புள்ளி மூன்று.

“என்ன டீச்சர் இது, பூமிக்கே சத்து குறைஞ்சுபோச்சா?”

“இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்” என்று கையை நீட்டினாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது அவளுக்கே கேட்டது. இரண்டாம் முறை இன்னும் மோசம், ஆறுகூடத் தேறவில்லை. ஜன்னல் வெயில் பட்டதாலோ என்னவோ சாரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

“கணக்குல தப்பில்லை. நூல் அளவும் சரியா இருக்கு. அப்போ உங்க நாடிதான் தலைதெறிக்க ஓடுது” என்று அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எதுக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க.”

வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். பையைத் தூக்கித் தோளில் மாட்டியவள், ஆடுகிற குண்டை ஆடவிட்டபடியே கிளம்பிவிட்டாள். மானம் கப்பலேறியது போலிருந்தது. வாய் இத்தனை நாள் கட்டிக்காத்ததை இந்தப் பாழாய்ப்போன நெஞ்சு போட்டு உடைத்துவிட்டதே! அவர் அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாரே!

வீட்டில், ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அக்கா நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தாள்.

“அக்கா, அவரு ஊரைவிட்டுப் போற வரைக்கும் நான் லீவு. இனிமே அந்த முகத்துல முழிக்க மாட்டேன்” என்று பையை வீசினாள்.

“எவரு? கணக்கா?”

அழுகையும் ஆத்திரமுமாக நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். “என் நெஞ்சு அடிச்ச அடி அவருக்கு எண்ணிக்கையோட தெரிஞ்சுபோச்சு. அவரு நெஞ்சுல என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியலை. டாக்டரைப் பாருங்கன்னு சொல்றாருக்கா, கல்லுளிமங்கன்!”

அக்கா எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். மணிக்கட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு விரல் அடையாளம்.

“கையைக்கூடக் கழுவ மனசு வரலையாக்கும்?”

அவள் கையை இழுத்தாள். அக்கா விடவில்லை, அந்த அடையாளத்தையே உற்றுப் பார்த்தாள்.

“இவ்வளவு அகலமா இருக்கே. கட்டைவிரலாலயா பிடிச்சாரு?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது.

“நர்சிங் சேர்ந்த புதுசுல எங்க மேடம் என் காதைத் திருகாத குறையாச் சொன்னதே இதைத்தாண்டி. கட்டைவிரலால நாடி பார்க்கவே கூடாது. அந்த விரலுக்குள்ளயே பலமா ஒரு நாடி துடிக்குது.”

“துடிச்சா?”

“அவரு எண்ணினது அவரோட நெஞ்சைத்தாண்டி, மக்கு!”