துள்ளல் மெட்டு

மண்டபமே கைதட்டித் தாளம் போட்டது. ஞானஜோதியும் தட்டினாள். முதல் வரிசையில், பாஸ்டர் மனைவிக்கும் நாத்தனார் சரோஜினிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் வேறென்ன செய்ய முடியும்?

மேடையில் அவள் கணவன் வில்பிரட் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மைக்கைப் பிடித்தபடி சாமுண்டீஸ்வரி. இருபத்திரண்டு வயது. அவன் ஒரு வரியைத் தொடங்கினால் அவள் முடித்து வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு இருவருக்கும் ஒரே மூச்சு என்று தோன்றும்.

அது ஞானஜோதியின் பாட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணத்துக்கு முந்தி, வில்பிரட் அவளுக்காகவே எழுதி மெட்டுப் போட்டது. ஒவ்வொரு வரியும் நீண்டு, இழைந்து, முடிய மனசில்லாமல் முடியும். அந்தக் குரலை நம்பித்தான் அப்பா அம்மாவை எதிர்த்துக்கொண்டு அவனைக் கட்டிக்கொண்டாள். எந்த கேசட் கம்பெனியும் அந்தப் பாட்டைச் சீந்தவில்லை.

இப்போது தொண்ணூற்று மூன்றில், அதையே துள்ளலாக மாற்றி, சொந்தமாகவே கேசட் போட்டு, இரும்புலியூர் கல்யாண மண்டபத்தில் வெளியிடுகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் மாற்றினீர்கள் என்றதற்கு, இப்போது இதுதான் ஓடும் என்று பேச்சை முடித்துவிட்டான்.

அது மட்டுமா? நாலு மாசமாக முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்கிறான். டியூன் வேலையாம். மகள் ஓடி வந்து மடியில் ஏறினால் இறக்கி விடுகிறான்.

செவ்வாய்க்கிழமைகளில் கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் என்று தாம்பரத்தில் ரயில் ஏறுகிறவன், அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்திலேயே இறங்கிவிடுகிறானாம். சரோஜினி இரண்டு முறை கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். சாமுண்டீஸ்வரியின் வீடு அங்கேதான், டி.பி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஞானஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே சொன்னால் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சிரிக்கும். பிறந்த வீட்டுக்குப் போகலாமென்றால், அந்த வாசலை அவளே அடைத்துவிட்டு வந்தவள்.

பாட்டு முடிந்தது. விசில் பறந்தது. உங்களை நினைத்து எழுதினதாமே, கொடுத்து வைத்தவர் என்று பாஸ்டர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞானஜோதி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

சரோஜினி காதருகே குனிந்து, "அண்ணி, ரெண்டு பேரும் உள்ள போறாங்க பாருங்க," என்றாள்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த மணமகள் அறைக் கதவைத் தள்ளினாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் வில்பிரட். சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன. சாமுண்டீஸ்வரி அவன் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். ஞானஜோதியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஞானஜோதி கதவை அடைத்து, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"இது இப்ப யாரோட பாட்டு?"

"உன்னோடதுதான் ஜோதி."

"அப்ப எனக்குப் பாடின மாதிரியே பாடுங்க. ஒரே ஒரு வரி போதும்."

வில்பிரட் அவள் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினான். அதே பழைய நிதானம். பாதி வரியில் குரல் அறுந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை இரண்டாவது சொல்லையே எட்டவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவன் நிமிர வெகு நேரம் ஆனது. கைக்குட்டையை அவசரமாக மடித்துப் பையில் திணித்தான். மடிப்பில் தெரிந்த சிவப்பை அவள் பார்த்துவிட்டாள்.

"மெதுவாப் பாட மூச்சு பத்தல ஜோதி."