சல்லிசான தேசம்

“ரஷ்யா வேணாம்மா, செலவு கையைக் கடிக்கும். சைனாவுல பாஷை தொல்லை. பிலிப்பைன்ஸ்ல கோர்ஸே வேற மாதிரி. உங்க வசதிக்கு இதுதான் சரி.”

சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான் ஆல்வின். கழுத்தில் டை, சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

குப்பம்மா எட்டிப் பார்த்தாள். அவன் விரலை எடுத்தால்தான் தெரியும், அத்தனை சின்ன நாடு. பேர் அவள் வாயில் நுழையவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த வெளிநாட்டுப் படிப்பு ஆபீஸ். கோவளத்தில் மீன் விற்கிற குப்பம்மா, மகள் துர்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். துர்காவுக்கு டாக்டராக வேண்டும். இங்கே கவுன்சிலிங்கில் அரை மார்க்கில் சீட் நழுவிவிட்டது.

சிறுசேரிப் பக்கம் கம்பெனிகள் முளைத்ததில், புருஷன் விட்டுப்போன பொட்டல் நிலத்துக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. போன வாரம்தான் விற்றாள். அதை நம்பித்தான் இந்தப் படியேறினாள்.

“அங்க சோறு கெடைக்குமா தம்பி? இதுக்கு மீன் இல்லன்னா தொண்டையில எறங்காது.”

“அரிசி கிடைக்கும்மா. கடல் கிடையாது, சுத்தியும் மலைதான். ஏரி மீனை உப்புப் போட்டுக் காயவெச்சு விப்பாங்க, நம்ம கருவாடுன்னு நினைச்சுக்க வேண்டியதுதான். முதல் பனிக்காலம் மட்டும் கஷ்டம். காது மடல் செத்துப் போன மாதிரி இருக்கும்.”

“மீன் விக்கறவ நானே தோத்தேன். இன்னா பேச்சு பேசற!”

ஆல்வின் சிரித்துக்கொண்டான்.

துர்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், அங்க படிச்சிட்டு வந்தா, இங்க ஒரு எக்ஸாம் பாஸ் பண்ணினாத்தான் வைத்தியம் பாக்க விடுவாங்களாமே?”

ஆல்வின் கோணலே இல்லாத உலகப் படத்தை நேராக்கினான். பதில் உள்ளறையிலிருந்து வந்தது. முதலாளி ராஜகோபால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. லைசன்ஸ் வாங்க எட்டு போடற மாதிரி. நம்ம மூலமா போன பசங்க அதை ஊதித் தள்ளிட்டு, பெரிய பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க.”

துர்காவின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் குப்பம்மா மடியிலிருந்த பணப்பையை எடுத்து அவிழ்க்கப் பார்த்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்ததால் முடிச்சு அவிழ மறுத்தது.

“கையில என்னம்மா?” என்றான் ஆல்வின்.

“கெளுத்தி முள்ளு குத்திச்சு. மஞ்சா வெச்சுக் கட்டிக்கினேன்.”

அவன் எழுந்து வந்து துணியைப் பிரித்தான். வீங்கிச் சிவந்திருந்த உள்ளங்கையைச் சுற்றி மெல்ல அழுத்திப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொன்னான். பிறகு முழங்கை மடிப்பைத் தொட்டான்.

“இங்க வலிக்குதா? அக்குள்ள கட்டி மாதிரி ஏதாவது? குளிர் ஜுரம் வந்துச்சா? சுகர் இருக்கா?”

“சுகர் கீது. நேத்து ஒதறல் எட்த்துச்சு.”

“இதை விடக்கூடாதும்மா. இன்னிக்கே குரோம்பேட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கீறி சீழை எடுக்கணும்.”

“ஆல்வின்! உன் வேலை என்னவோ அதைப் பாரு” என்றார் ராஜகோபால். குரலில் சுருக்கென்று ஏதோ இருந்தது. ஆல்வின் கையை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போனான்.

இடது கையால் கொடுக்க மனசு வராமல், வலியைப் பொறுத்துக்கொண்டு வலது கையாலேயே பணத்தை நீட்டினாள் குப்பம்மா. ராஜகோபால் அதை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

“கட்டின அட்வான்ஸ் திரும்ப வராதும்மா. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.”

“இன்னாத்துக்குத் திரும்பக் கேக்கப் போறோம்? எம் பொண்ணு டாக்டர் ஆவப் போவுது” என்றாள் குப்பம்மா.

குரோம்பேட்டைக்கு பஸ் எங்கே நிற்கும் என்று காட்டுவதற்காக ஆல்வின் கூடவே இறங்கி வந்தான். பாதிப் படியில் குப்பம்மா நின்றாள்.

“உங்க மொதலாளி சொன்னதுக்கோசரம் நான் குடுக்கல தம்பி. என் மேல மீன் நாத்தம் அடிக்குது. மூஞ்ச சுளிக்காம கையப் புட்ச்சுப் பாத்த பாரு, அதுக்கோசரம்தான் நம்பிக் குட்த்தேன்.”

ஆல்வின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒரே ஒரு ஒதவி பண்ணு கண்ணு. அந்தூர்ல படிச்சிட்டு வந்த டாக்டரு யாரையாச்சும் எம் பொண்ணுக்குக் காட்டு. நாலு வார்த்த தைரியம் சொல்லட்டும். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு, நானே தேடிக்கினு போறேன்.”

மாடியிலிருந்து ராஜகோபால் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்து ஒரு குடும்பம் வந்து காத்திருந்தது. ஆல்வின் நகரவில்லை. கீழ்ப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்த துர்காவையே பார்த்தபடி டையைத் தளர்த்தினான்.

“எங்கேயும் தேட வேணாம்மா. அங்க படிச்ச டாக்டர் நான்தான்.”