மூன்றாவது பாட்டு

“பாட்டுல ஏதோ கோளாறுன்னு கூப்பிட்டீங்கல்ல சார், இதான் அது. வெளி ஆள் இல்ல. வீட்டுக்குள்ள இருந்தே ஒரு ஃபோன் உங்க பாட்டை நடுவுல மாத்தியிருக்கு” என்றார் டெக்னீஷியன்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது. பிடிபட்டாயிற்று.

கூடத்தில், புத்தக அலமாரியின் அடித்தட்டில் இருந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. உள்ளே தொண்ணூறாயிரம் பாட்டுகள். ஓய்வு பெற்ற பிறகு அவள் கணவர் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து, வீட்டிலிருந்த சிடிக்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றினார். ஏற்றி முடித்த வாரமே அவள் சிடிக்களை மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். பாட்டுதான் பெட்டிக்குள் போய்விட்டதே, தட்டு எதற்கு?

“உனக்குக் காதே கிடையாது” என்றார் அவர்.

கடைசியாக அவளிடம் பேசியது அதுதான். பதினொரு மாதமாகப் பால், மாத்திரை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டிலேயே நடந்தன. சீட்டில் ஓர் எழுத்துப்பிழைகூட இருக்காது.

ஆனால் தினம் ஏழு மணிக்கு அவர் பாட்டுப் போடுவார். முதல் இரண்டும் நன்றாகவே இருக்கும். மூன்றாவதாக ஒரு கிளாரினெட் வரும். ஒன்பது நிமிஷம், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. தொண்ணூறாயிரத்தில் தினம் அதேதான் அகப்படுமா ஒரு மனுஷனுக்கு? தன்னைச் சீண்டத்தான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஃபோனை எடுத்து, சமையலறையிலிருந்தே பெட்டியை அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவாள். கூடத்தில் அவர் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான்.

அந்தச் செருமலுக்காகத் தான் காத்திருந்ததை அவள் தனக்குள்கூட ஒத்துக்கொண்டதில்லை.

பத்து நாளைக்கு முன்னால் பெட்டி படுத்துவிட்டது. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க அதைக் குடைந்தார். அன்று மூன்றாவது பாட்டு வந்தபோது அவள் ஃபோன், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. மறுநாளும் அதையே சொன்னது. செருமல் கேட்கவில்லை.

ஆக, கதவைச் சாத்திவிட்டார். பேச்சை நிறுத்தினார், பொறுத்துக்கொண்டாள். இது வேறு. கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ் தயாராக இருந்தது. நாளைக் காலை பஸ்ஸில் அக்கா வீட்டுக்கு ஒரு டிக்கெட். திரும்பி வர எடுக்கவில்லை. அதைச் சொல்லும் சீட்டும் எழுதியாயிற்று. ஃபிரிட்ஜில் ஒட்டுவதுதான் பாக்கி.

“லைப்ரரி இவ்வளவு பெருசா இருந்தா பெட்டிக்கு மெமரி பத்தாது சார். அதான் படுத்துடுச்சு” என்று கூடத்தில் டெக்னீஷியன் சொல்லிக்கொண்டிருந்தார். “இப்ப மெமரி போட்டுட்டேன். ரெண்டு தடவை ஏறியிருந்த நாலாயிரம் பாட்டையும் ஒதுக்கிட்டேன். ஆனா அன்னிக்கு நீங்களே பெட்டியை மறுபடி முதல்லேர்ந்து செட் பண்ணீங்க பாருங்க, அதுல எல்லா ஃபோனையும் மறந்துடுச்சு. ஒவ்வொரு ஃபோனையும் திரும்பச் சேர்க்கணும்.”

“என் ஃபோனைச் சேர்த்துட்டேன் தம்பி. அதுவரைக்கும்தான் தெரிஞ்சுது.”

அதுவரைக்கும் தெரிந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

டெக்னீஷியன் பழைய பதிவுகளை டிஸ்கிலிருந்து தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கிளாரினெட் முந்நூத்திப் பதினேழு தடவை ஆரம்பிச்சிருக்கு சார். பெட்டி படுக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட நாப்பது செகண்டைத் தாண்டல. எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? தூக்கிடவா?”

“அதுல கை வைக்காதீங்க.”

“அடேயப்பா, அவ்வளவு இஷ்டமா!” டெக்னீஷியன் சிரித்தார். “அப்ப கவலையே வேண்டாம். அந்த ஃபோனுக்கு இப்ப அனுமதி இல்ல. தினம் ஏழு பத்து வாக்குல வந்து கதவைத் தட்டிப் பார்க்குது. பெட்டி விடல.”

கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“தினமுமா?” என்றார் கணவர்.

“நேத்துகூட நாலு தடவை. பேசாம நிரந்தரமா பூட்டி விட்டுடறேன் சார். யார் தொல்லையும் இல்லாம பாட்டு முழுசா ஓடும்.”

அவள் அடுப்பை அணைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கையில் வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

கணவர் தொண்டையைச் செருமினார். பத்து நாளில் இதுதான் முதல் தடவை.

“பத்து நாளா முழுசாத்தான் ஓடுது தம்பி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அந்த ஃபோனை உள்ள விடுங்க.”

“திரும்பவும் கிளாரினெட்டைப் பாதியில நிறுத்திடுமே சார்?”

“எனக்கும் அது பிடிக்காது.”