புட்டிப் பாடம்

"சொல்லுடா! இது எந்த வகை?"

டிரெஸ்ஸர் ஆம்புரோஸ் நீட்டிய புட்டி உடையப்பனின் மூக்கில் இடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நோயாளிகள் தங்கள் நோயை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"காய்ச்சலை எறக்குற வகைங்க," என்றான் உடையப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது எனக்குத் தெரியாதா? இந்தா, வை கீழே! இது?"

"தூங்க வைக்கிற வகை."

"இது?"

"கக்க வைக்கிறது."

"பெரிய பண்டிதரு! சரி, இது?"

"கிருமியைக் கொல்றது. புண்ணு கழுவ."

"ம்," என்ற ஆம்புரோஸ் அந்தப் புட்டியைத் திறந்தார். காலில் வெட்டுக்காயத்தோடு உட்கார்ந்திருந்த சின்னையாவின் புண்ணைக் கழுவிக்கொண்டே, "கிளி மாதிரி ஒப்பிச்சா ஆச்சா? ரத்தத்துல ஊறணும்டா, ரத்தத்துல!" என்றார்.

சின்னையா சிரித்தான். வரிசையும் சிரித்தது. உடையப்பனுக்குக் காது மடல் எரிந்தது.

டாக்டர் இல்லாத தோட்டத்தில் வைத்தியம் பார்ப்பது டிரெஸ்ஸர்தான்; ஆம்புரோஸ் ஜெர்மன் சண்டைக்கு முன்னாலேயே டிரெஸ்ஸர் ஆனவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, முறுக்கிய மீசை. வயிறு போக வைக்கும் உப்புக்குக்கூட மாதா கோயில் பூசை பாஷையான லத்தீனில்தான் பெயர் சொல்வார். நோயில் நடுங்குகிறவன் மரியாதையிலும் நடுங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

உடையப்பன் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தவன். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவனை மருந்து படிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈப்போவில் டிரெஸ்ஸர் பரீட்சை எழுதிப் பாஸானால் வேறு தோட்டத்தில் தனி ஆஸ்பத்திரியே கிடைக்கும். பிள்ளைத்தாச்சியான அவன் பெண்டாட்டி முத்தம்மா விடியுமுன் கத்தியும் வாளியுமாக இருட்டில் மரம் தேடி ஓட வேண்டியதில்லை.

அதற்கு ஆம்புரோஸ் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரீட்சைக்கு ஆள் பொறுக்க வரும் டாக்டர் துரையிடம், 'இவன் தயார்' என்று. வருஷா வருஷம் துரை வந்தார். வருஷா வருஷம் ஆம்புரோஸ், "இவனுக்கு இன்னும் மருந்து வகையே புடிபடலைங்க துரை," என்றார்.

எந்த வகை புடிபடவில்லை? ஒன்றையாவது தப்பாகச் சொன்னதுண்டா? அதை நினைத்தாலே உடையப்பனுக்கு வயிறு எரியும்.

ஆள் இல்லாத மத்தியானங்களில், "ஐயா, பாடம் கேளுங்க," என்று தானே போய் நிற்பான். "தலைவலிக்குது, போடா," என்று விரட்டுவார். நோயாளி வந்து நின்றால் மட்டும் புட்டி மூக்குக்கு வந்துவிடும். அவமானப்படுத்தினால் பார்க்க நாலு பேர் வேண்டாமா என்று உடையப்பன் புரிந்துவைத்திருந்தான்.

இன்றைக்கும் டாக்டர் துரை வருகிற நாள்தான். ரப்பர் மரங்களுக்கு அப்பால் எங்கோ மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது.

"ஐயா, இந்த வருஷமாவது என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரையா? நீ டிரெஸ்ஸரானா தோட்டத்துக்கு ஒரு சுடுகாடு பத்தாதுடா!"

மறுபடியும் சிரிப்பு. உடையப்பன் கைகளை மடக்கிக்கொண்டான். திறந்திருந்தால் எங்கே போயிருக்குமோ.

அடுத்து கருப்பம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நல்லம்மாள் வந்தாள். "டிரெஸ்ஸரய்யா, ராவெல்லாம் வயித்தாலே போவுது. நிக்கவே முடியலை லா இவளுக்கு. கட்டுற மருந்தா குடுங்க."

ஆம்புரோஸ் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். அங்கே எல்லாப் புட்டியும் ஒரே அச்சு, உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. மேலே ஒட்டியிருந்த லேபிள் ஒன்றுதான் வித்தியாசம்.

"டேய் சுடுகாடு! இது எந்த வகை?"

லேபிளில் பேதி உப்பு என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தது. உடையப்பனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வகை தெரியாதவன்தானே நான்? தெரியாதவன் மாதிரியே சொன்னால் என்ன? அறையட்டும். அறைந்தால் இன்றைக்குத் திருப்பிக் கொடுப்பது, அப்புறம் பால்மரத்துக்கே போய்விடுவது.

"கட்டுற வகை!" என்று கத்தினான்.

அறை விழவில்லை.

"ம்," என்றார் ஆம்புரோஸ். உப்பைக் கிளாசில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினார். நல்லா ஆட விட்டுக் கடைசியில் மானத்தை வாங்கப் போகிறார் என்று உடையப்பன் காத்திருந்தான். கிளாஸ் கருப்பம்மாளின் கைக்குப் போனது. உதட்டுக்கும் போனது.

உடையப்பன் பாய்ந்து தட்டிவிட்டான். கிளாஸ் தெறித்துச் சிதறியது.

"யோவ்! அது பேதி உப்புய்யா! இதைக் குடிச்சா இந்த அக்கா பொழைக்குமா? இம்மாம் பெரிசா எழுதியிருக்கே, பார்க்கலையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆம்புரோஸ் புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மூக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்; கை நீட்டித் தள்ளிப் பிடித்தார்; மறுபடி மூக்குக்கே கொண்டுவந்தார். லேபிள் தலைகீழாக இருந்தது. அதைத் திருப்ப வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வாசலில் மோட்டார் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது.

ஆம்புரோஸின் கை காற்றில் துழாவி உடையப்பனின் தோளைக் கண்டுபிடித்துப் பற்றியது. மீசை அவன் காதில் உரசியது.

"நீ பாஸாகிப் போயிட்டா எனக்கு யாருடா லேபிள் படிப்பா?"