பஞ்சுவுக்கு ஒரு துணை

"கத்தரிக்கோல எங்கட்டி ஒளிச்சு வெச்சிருக்க?"

டென்னிஸ் போட்ட அதட்டலில் மகள் மகிமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் கையில் பஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அவரே ஆசையாக வாங்கிக் கொடுத்த சின்சில்லா. பார்க்க முயலுக்கும் எலிக்கும் நடுவில் இருக்கும். முடியைத் தொட்டால் இலவம்பஞ்சு தோற்றுப்போகும். சென்னை வெயில் அதற்கு ஆகாது என்பதால், வீட்டில் இருக்கும் ஒரே ஏ.சி. அறையில், தங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூண்டை வைத்திருந்தார்.

அந்தப் பஞ்சுவுக்கு இப்போது விலாவில் முடியே இல்லை. கொத்துக் கொத்தாகப் போய், வெறும் தோல் தெரிந்தது.

"நான் வெட்டவே இல்லப்பா. சத்தியமா!"

"பெறவு தானா கொட்டிச்சோ? வாயில்லாச் சீவன்ட்டி! இந்தக் கல்மனசு ஒனக்கு எங்கருந்து வந்துது?"

"நம்ம வீட்டுல யாருக்கும் கெடையாதே," என்று மனைவி ஃப்ளோரன்ஸ் கண்ணைத் துடைத்தாள்.

பின்னே? கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு ராயபுரம் சர்ச்சில் வகுப்பெடுப்பதே இந்தத் தம்பதிதான். 'டென்னிஸ் வூட்ல ஒரு சத்தம் கேட்டுக்கீறியா?' என்று டோல்கேட் பகுதியில் அவர்கள் தெருவே சர்டிபிகேட் கொடுக்கும். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை செய்கிற காரியமா இது?

மூவரும் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் இஷ்ரத்திடம் ஓடினார்கள்.

"எம் மகதான் வெட்டிப்புட்டா டாக்டர். ஏன்னு நீங்களே கேளுங்க."

டாக்டர் பஞ்சுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும் வெட்டல சார். தன் முடியைத் தானே கடிச்சிருக்கு."

"தன் முடியையேவா!" டென்னிஸ் அதிர்ந்துபோனார்.

"தலையிலயும் கழுத்துலயும் அப்படியே இருக்கு பாருங்க. வாய் எட்டுற எடத்துல மட்டும்தான் போயிருக்கு. பயம், மனஉளைச்சல்னா சில சின்சில்லா இப்படிப் பண்ணும். வீட்டுல சத்தம் ஜாஸ்தியா?"

"வெளிய கன்டெய்னர் லாரி சத்தம்தான் டாக்டர். கதவச் சாத்திட்டா அதுவும் உள்ள வராது," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அப்ப தனிமையா இருக்கலாம். இதெல்லாம் கூட்டமா வாழுற ஜாதி. துணைக்கு இன்னொண்ணு வாங்கி, மெதுவா பழக்கிப் பாருங்க."

டென்னிசுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே, பிள்ளையை அநியாயமாக அதட்டிவிட்டோமே என்று மனசு குத்தியது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அவ்வளவுதானே! இன்னைக்கே வாங்கிருவோம். சந்தோசமாட்டி?"

"வேணாம் டாக்டர்!" மகிமா பஞ்சுவை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "அதுவும் முடியக் கடிச்சுக்கும்!"

டாக்டர் திடுக்கிட்டார். "ஏம்மா அப்படிச் சொல்ற?"

மகிமா பெற்றவர்கள் பக்கமே திரும்பவில்லை.

"தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு இவுங்க அந்த ஏ.சி. ரூம் கதவ சாத்திக்கினுதான் சண்ட போடுவாங்க. நான் மொட்டமாடிக்கு ஓடிடுவேன். பஞ்சு எங்க ஓடும் டாக்டர்?"