சொந்தமில்லாத ரத்தம்

விழுப்புரம் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஜன்னல் வெயிலில், அருணாவின் மடியில் வயிறு வீங்கிய குழந்தை தூங்குகிறது. மூத்ததும் இப்படி வீங்கித்தான் இறந்தது. இதற்கும் அதே பிறவி நோயா என்பதை நொதிப் பரிசோதனை சொல்லிவிடும். "ஒப்பிட்டுப் பாக்க, நல்லா இருக்கிற ஒருத்தர் ரத்தமும் வேணும்," என்கிறாள் ஊசியோடு நிற்கும் பெண். அருணாவின் கணவன் கண்ணையன் சட்டைக் கையைச் சுருட்டுகிறான். "நீங்க வேணாங்க. சொந்தக்காரங்க யாருமே வேணாம். இந்தக் குறை அவங்க ரத்தத்துலயும் இருக்கலாம்." வேனில் கூட வந்த சனம் ஒருவரையொருவர் பார்க்கிறது. "நம்மள்ல சொந்தமில்லாத அசல் ஆளு யாரு மாமா இருக்காங்க?" என்கிறாள் அருணா. கண்ணையன் அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேன் ஓட்டி வந்த அலெக்ஸ் கையை நீட்டுகிறான். "ஜல்தியா எடுங்க, ஊசின்னாலே எனக்குப் பேஜாரு." யாரும் சிரிக்கவில்லை. குழாயில் அவன் ரத்தம் ஏறுவதையே அருணா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தோளைத் தொடப் போன கண்ணையனின் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது.