தொடர்கதைக்கு ஒரு முகம்

"சார், இந்த அநியாயத்தைப் பார்த்தீங்களா?"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்த எதிர்வீட்டுக்காரர், வார இதழை விரித்துப் பெரியவர் மடியில் போட்டார்.

தொடர்கதைப் பக்கம். தம்பிகளின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, முறைத்தபடி நிற்கிற அண்ணன். வண்ணக்கட்டியால் தேய்த்து வரைந்த பாஸ்டல் ஓவியம். வளைந்த மூக்கு, புதர் மாதிரி புருவம், ஒரு பக்கம் தூக்கின மீசை. அச்சு அசலாகப் பெரியவரேதான்.

வரைந்தது அவருடைய மருமகள்.

அவளும் அங்கேதான் இருந்தாள். ஜன்னலோர மேஜையில் ஏதோ ஒரு படத்தைச் சுண்டுவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசுங்க. அவ இருக்கா," என்றார் பெரியவர்.

"இருக்கட்டுமே! காதுல விழட்டும்னுதான் சொல்றேன். ஒரே வீட்டுல இருந்துகிட்டு மாமனாரையே வில்லனா வரையறதா? கடைத்தெருவுல உங்களுக்குப் பேரே வெச்சுட்டாங்க. வீடுமுழுங்கியாம்!"

பெரியவரின் புருவம் ஏறியது.

"இத்தனை வருஷமா அழைப்பிதழுக்குப் பூ வரைஞ்சுட்டிருந்த பொண்ணு. இப்பதான் ஒரு தொடர்கதை கைக்கு வந்திருக்கு. அதுக்குள்ள தலைகால் புரியல. ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்க சார். அடுத்த வாரமே வேற ஓவியரைப் போட்டுடுவாங்க."

மருமகள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"போன் போட்டுடலாங்கறீங்க?" என்றார் பெரியவர்.

"பின்னே? பையன்கிட்டயும் சொல்லி வைங்க. இன்னிக்கு மாமனார், நாளைக்குப் புருஷன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், எனக்கென்ன வந்துது?"

"அதானே! இப்படி வெளிச்சத்துப் பக்கமா உட்காருங்க. நிதானமா சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு நிதானமாகவே சொன்னார். சொல்லச் சொல்லக் கண் மின்னியது. கழுத்து முன்னால் நீண்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் எழுந்தார்.

"ஏம்மா, இங்க வா!"

வீடே அதிர்ந்தது. மருமகள் வந்து நின்றாள். விரலெல்லாம் வண்ணப்பொடி. எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. கண்ணு மட்டும்தான் கொஞ்சம் பாக்கி."

பெரியவர் எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இவ வரைஞ்ச வில்லன் முகத்துல பால் வடியுதுன்னு ஆசிரியர் திருப்பி அனுப்பிட்டாரு சார். இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னுட்டாரு. பொண்ணு அழுதுட்டு உட்கார்ந்திருந்தா. நான்தான் 'என் மூஞ்சி எதுக்கு இருக்கு, வரை'ன்னேன். முறைச்சு முறைச்சு எனக்குக் கண்ணே வலிக்குது!"

"அப்ப... இப்ப வரையற இது?"

"அடுத்த வாரம் வீடு வீடா போய்க் கலகம் மூட்டறவன் ஒருத்தன் வர்றான். அவனுக்கு முகம் கிடைக்காம காலையிலேர்ந்து தவிச்சுட்டிருந்தா. நல்லவேளை, நீங்களே வந்தீங்க."

மருமகள் தயங்கித் தயங்கிப் படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். விருட்டென்று எழுந்தார். வாசல்வரை போனவர், அங்கேயே கொஞ்சம் நின்றார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கிற நாலு முடியைப் படிய வாரிக்கொண்டார்.

"அம்மாடி, வழுக்கையை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட்டுடேன். நிறைய பேர் பார்க்கிற பத்திரிகை!"